கட்டுரையார் வீட்டுச் சிலந்திகள்

கட்டுரையார் பொய் சொல்கிற மனிதர் அல்ல. எழுதும்போது மட்டும்தான் சொல்வார்.

வார நாட்களில் அவர் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே முகத்தோடு கையெழுத்துப் போடுகிற சமநோக்கு அவருக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பத்திரிகையின் இணைப்பிதழில் அரைப்பக்கம் அவருடையது. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் 'கட்டுரை' என்றார்கள். முகத்துக்கு நேரே 'யார்' சேர்த்துக்கொண்டார்கள். மரியாதைக்கு ஆன செலவு அவ்வளவுதான்.

அந்த வாரம் ஆசிரியர் தொலைபேசியில் "நெகிழ்ச்சியா ஏதாவது குடுங்க சார், மழை வேற பெய்யுது" என்று கேட்டிருந்தார். கட்டுரையாருக்குக் கைவசம் நெகிழ்ச்சி எதுவும் இல்லை. தொலைக்காட்சியில் சிலந்திகளைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றின் பின்பாதி ஓடிக்கொண்டிருந்தது. பின்பாதி போதும் என்று உட்கார்ந்தார். 'எட்டுக்கால் உறவுகள்' பிறந்தது.

"எங்கள் இல்லத்தில் ஒட்டடைக்கோல் என்னும் கொலைக்கருவி கிடையாது," என்று அதில் எழுதினார். "கூரையின் ஒவ்வொரு மூலையும் ஒரு சிலந்தியின் மாளிகை. என் இல்லத்தரசி அவற்றைப் பெற்ற பிள்ளைகளாகவே பாவிக்கிறாள். காலையில் கண் விழித்ததும் அவள் முதலில் நலம் விசாரிப்பது என்னை அல்ல, அவற்றைத்தான்."

கடைசி வரியில் பாதி உண்மை இருந்தது. காலையில் எழுந்ததும் அவர் மனைவி முதலில் பார்ப்பது கூரை மூலைகளைத்தான். கையில் ஒட்டடைக்கம்போடு.

அவள் பெரிய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டரின் மூத்த நர்ஸ். கத்தி, கத்தரியெல்லாம் கொதித்து, ஆறி, உறைக்குள் போகிற உலகத்தில் பகல் முழுக்க இருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அதே உலகத்தைத் தொடர்கிறவள். ஜன்னல்களுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கம்பிவலை. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் எறும்பு மூச்சு விடக்கூட இடமில்லாமல் வெள்ளைப் பசை. வாசலில் மஞ்சள் விளக்கு, ஏனென்றால் வெள்ளை விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னால் சிலந்தி வரும். அட்டைப்பெட்டி என்று எதுவும் அந்த வீட்டில் இரவு தங்கியதில்லை. கட்டுரையாரின் பழைய கட்டுரைகள் இருந்த பெட்டிகூட வெளியே போய், கட்டுரைகள் மட்டும் இறுக்கி மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறின. "உள்ளே காத்துப் போகாதே?" என்றார் அவர். "அதுங்க என்ன மூச்சா விடுது?" என்றாள் அவள்.

அவள் சிலந்தியைக் கொல்ல மாட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தப்பித் தவறி ஒன்று நுழைந்துவிட்டால், மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்பாள். அடியில் ஒரு தடித்த காகிதத்தைச் செருகுவாள். தெருக்கோடிப் புதர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய், "போ, உன் வீட்டைப் பாத்துக்கிட்டுப் போ" என்று விட்டுவிட்டு வருவாள். சாவைப் பார்க்கத்தான் ஆஸ்பத்திரி இருக்கிறதே.

கணவரின் கட்டுரைகளை அவள் படிப்பதில்லை. "வீட்லயே கேட்டாச்சு" என்பாள். ஆகவே 'எட்டுக்கால் உறவுகள்' அவளுக்குத் திங்கட்கிழமை தியேட்டரில்தான் வந்து சேர்ந்தது. கையுறை மாட்டிக்கொண்டே தலைமை அறுவை மருத்துவர் கேட்டார்:

"என்ன சிஸ்டர், பிள்ளைங்கல்லாம் சௌக்கியமா?"

"நல்லா இருக்கா சார். ஒரே பொண்ணுதானே, ஹாஸ்டல்ல இருக்கா."

"ஒண்ணா? மூலைக்கு ஒண்ணுன்னு பேப்பர்ல போட்டிருந்துதே!"

முகமூடிகளுக்குப் பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். மயக்க ஊசி போட்ட நோயாளி மட்டும்தான் சிரிக்கவில்லை.

மற்ற நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். ஆனால் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்குகிறார்கள். அதற்குத் தலைமை தாங்க அவள் பெயர் முதலில் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை கமிட்டி கூடி முடிவு செய்யும். கமிட்டிக்குத் தலைவர் இதே மருத்துவர். சிரித்து முடித்தபின் அவர், "விளையாட்டுக்குச் சொல்லல சிஸ்டர், கமிட்டியில ரெண்டு பேர் அதைப் படிச்சுட்டு என்கிட்டயே கேட்டாங்க" என்றும் சொன்னார்.

சாயங்காலம் கட்டுரையார் நாற்காலியில் சாய்ந்து, வாசகர் ஒருவர் பாராட்டி அனுப்பிய செய்தியை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். அந்த வீட்டில் அது நடந்ததே இல்லை.

"ஏங்க, நம்ம வீட்ல எத்தனை சிலந்தி இருக்கு?"

கட்டுரையார் நிலைமையை அளந்தார். "அது ஒரு உருவகம்மா."

"உருவகத்துக்கு எட்டுக் காலா?"

"இலக்கியத்துல அப்படித்தான் சொல்றது. நான் சொல்ல வந்தது உயிர்கள்மேல உனக்கு இருக்கற—"

"எனக்கு இருக்கறது ஒட்டடைக்கம்பு. நாலு ரூமுக்கு நாலு. அதை இல்லேன்னு எழுதியிருக்கீங்க. தன் வீட்டு ஒட்டடையை அடிக்கத் தெரியாதவகிட்ட ஊர்க் கிருமியை ஒழிக்கற வேலையை எந்தக் கமிட்டி குடுக்கும்? சொல்லுங்க."

கட்டுரையாருக்கு எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு, இரண்டு பத்திக்குக் குறையாமல். இந்தக் கேள்விக்குக் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"மறுப்பு எழுதிக் குடுங்க. 'அப்படி எதுவும் எங்க வீட்ல கிடையாது'ன்னு."

"எழுதறேன், எழுதறேன்," என்றார். எழுதியும் இருப்பார். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

பேசியவர் இயற்கை நேயர் மன்றத்தின் தலைவர். ஊரிலேயே பெரிய மரம் அறுக்கும் மில் அவருடையது. மரங்களோடு நெருங்கிப் பழகியவர் என்ற முறையில்தான் மன்றத்துக்குத் தலைவரானார். கட்டுரையைப் படித்துவிட்டுக் கண் கலங்கியதாகச் சொன்னார். மன்றத்தின் இந்த ஆண்டு 'உயிர்நேயச் செம்மல்' பட்டத்துக்குக் கட்டுரையாரைத் தவிர வேறு ஆளே இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் வந்து, அந்த மாளிகைகளைக் கண்ணாரக் கண்டு, பத்திரிகைக்குப் படமும் எடுத்துக்கொண்டு போவதாக முடித்தார்.

இதே இணைப்பிதழில் எதிர்ப்பக்கத்தில் வயிற்றுக் கோளாறுகளைப் பற்றி எழுதுகிறவர் ஒருவர் உண்டு. அவர் 'நலவாழ்வுச் செம்மல்' ஆகி ஒரு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வருஷமாகக் கட்டுரையாருக்குச் சாப்பாடு சரியாகச் செரிக்கவில்லை. இதை வைத்துத்தான் அவர் பதிலைப் புரிந்துகொள்ள வேண்டும்.

"தாராளமா வாங்க," என்றார்.

விஷயத்தை மனைவியிடம் மறைத்துப் பயனில்லை. சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ இடுப்பில் கை வைத்துக் கூரையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது.

"வரட்டும். கேமராவோட வரட்டும். மூலை மூலையாப் படம் எடுக்கட்டும். ஒரு நூல் தெரிஞ்சுதுன்னா நான் இந்த வேலைக்கே போகல."

"அம்மாடி, ஒரே ஒரு மூலையை மட்டும் எனக்கு விட்டுக் குடேன். சின்ன மூலை. அலமாரிக்கு மேல."

"மூலைதானே? உங்களை வேணும்னா ஒரு மூலையில விடறேன்."

இப்படியாக, ஒரே வீட்டில் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பேர் தயாரானார்கள். அவள் ஏணியை எடுத்தாள். அவர் சிலந்தி தேடிக் கிளம்பினார்.

சிலந்தி கிடைப்பது ஒரு பெரிய காரியமா என்றுதான் அவரும் நினைத்தார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியையின் கார் நிறுத்தும் கொட்டகையில் ஒட்டடை தோரணமாகத் தொங்கியதை அவரே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். நயமாகப் பேச்சைத் தொடங்கினார்.

"டீச்சரம்மா, உங்க வீட்ல சிலந்தி ஏதாவது... உபரியா..."

"என்ன கேட்டீங்க?"

"ஒண்ணு போதும். ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுத்துடறேன்."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். வகுப்பில் அந்தச் சைகைக்கு முப்பது வருஷம் பிள்ளைகள் நடுங்கியிருக்கிறார்கள். "என் வீட்ல சிலந்தி இருக்குன்னு உங்ககிட்ட யார் சொன்னது? உங்க வீட்டம்மா சொன்னாங்களா? அவங்க வீட்ல மூலைக்கு மூலை இருக்குன்னு பேப்பர்ல வந்துச்சே, நான் போய்க் கேட்டேனா?"

ஜன்னல் சாத்தப்பட்டது. அன்று சாயங்காலமே ஆள் வைத்துக் கொட்டகையைக் கழுவிவிட்டார்கள். கொட்டகைக்குள் அப்படி ஒரு கார் இருப்பது அன்றுதான் தெருவுக்குத் தெரிந்தது.

அடுத்தது அலுவலகப் பதிவறை. அங்கே உள்ள ஒட்டடைக்கு அலுவலகத்தைவிட வயது அதிகம். கட்டுரையார் உள்ளே நுழைந்து கூரையை ஆசையோடு பார்த்ததுமே பதிவறைக்காரருக்கு முகம் வெளுத்தது.

"சார், ஆடிட்டா?"

"இல்லய்யா. எனக்கு ஒரு சிலந்தி வேணும்."

"சார், நான் பிள்ளைகுட்டிக்காரன் சார். எதுவா இருந்தாலும் நேராச் சொல்லிடுங்க."

"நேராத்தான்யா சொல்றேன். நல்லதா ஒண்ணு, வலை பின்றதா பாத்துக் குடு."

"இங்க சிலந்தியே கிடையாது சார். இதுக்கு முன்னாடியும் இருந்ததில்ல." சொல்லும்போதே அவர் தோளில் ஒன்று இறங்கியது. அதைத் தட்டிவிட்டு, "தூசி," என்றார்.

மறுநாள் பதிவறை பளபளத்தது. காணாமல் போனதாக எழுதி மூடிய கோப்புகள் பல கிடைத்துவிட்டன. கிடைத்ததில் அலுவலகத்தில் சிலருக்கு உடம்பு சரியில்லாமல் போய் விடுப்பு எடுத்தார்கள்.

போன இடமெல்லாம் இதே கதை. கட்டுரையார் எந்த வாசலில் நின்று விசாரித்தாலும் அந்த வாசலில் அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். முடிதிருத்துபவர் கடையின் மின்விசிறியைத் துடைத்தார். தையல்காரர் கந்தல் மூட்டையை வெளியே தள்ளினார். 'கட்டுரை வராரு, கட்டுரை வராரு' என்று தெருவுக்கு முன்னாலேயே சேதி போனது. அதிகாரி யாரும் வந்தால்கூட ஊர் இவ்வளவு சுத்தமாகாது. சனிக்கிழமை மதியத்துக்குள் நடந்து போகிற தூரத்தில் ஒட்டடை என்பதே இல்லாமல் ஆக்கிவிட்டார் மனிதர்.

கடைசியில் ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

"சிலந்திக்கு ஏதாவது இருக்கா?"

"இருக்கே சார். ஸ்பிரே இருக்கு, மாத்திரை இருக்கு, சுவத்துல செருகற மெஷின் இருக்கு. அடிச்சா ஒரு வருஷத்துக்கு எட்டிப் பாக்காது."

"போறதுக்கு இல்லய்யா. வரதுக்கு."

கடைக்காரர் வாடிக்கையாளரோடு எப்போதும் வாதாடாதவர். ஆனாலும் யோசித்தார். "வரதுக்கு கம்பெனிக்காரன் இன்னும் எதுவும் விடல சார்."

கட்டுரையாரின் கண் அதற்குள் அலமாரிக்குப் போயிருந்தது. சிலந்தி ஒழிப்பு ஸ்பிரே டப்பாக்களின் வரிசை. முதல் டப்பாவுக்கும் கடைசி டப்பாவுக்கும் நடுவே, நாலு தலைமுறை வாழ்ந்த வீடுபோல, அழகான வலை. நடுவில் அம்சமாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அது?"

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "அது டிஸ்பிளே சார்," என்றார்.

டிஸ்பிளேயை மாத்திரை டப்பா ஒன்றில் பிடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கட்டுரையார் வெற்றிவீரராக வீடு திரும்பினார். மனைவி பணியிலிருந்து வருமுன், நடு அறையின் திரைச்சீலைக்கு மேலுள்ள மூலையில் அதை இறக்கிவிட்டார். "ராத்திரிக்குள்ள பின்னிடு ராஜா," என்று கெஞ்சினார். அவர் தன் மேலதிகாரியிடம்கூட அவ்வளவு குழைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பல் துலக்கிவிட்டு வரும்போது சாப்பாட்டு மேஜைமேல் ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்ந்திருந்தது. உள்ளே டிஸ்பிளே. பக்கத்தில் மனைவி.

"இது யாரு? உங்க உருவகமா?"

கட்டுரையார் வாயில் இன்னும் நுரை இருந்தது வசதியாகப் போயிற்று.

"பாவங்க இது. நம்ம வீட்ல இதுக்கு என்ன இருக்கு? ஒரு கொசு உண்டா, ஒரு ஈ உண்டா? ராத்திரியெல்லாம் சுவத்தைச் சுத்திச் சுத்தி அலைஞ்சிருக்கு. வெளியே போக ஒரு ஓட்டைகூட இல்ல. உங்க பட்டத்துக்கு இது பட்டினி கிடக்கணுமா?"

டம்ளரைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள். உயிர்நேயச் செம்மலாகப் போகிறவர் வாயைக் கொப்பளித்தார்.

மன்றத்தார் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் தலைவர். மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. போட்டால் படத்தில் வயது தெரிகிறது என்று யாரோ சொன்ன நாளிலிருந்து வெளியிடங்களில் அவர் அதை மாட்டுவதில்லை. அவருக்கு அரை அடி பின்னால் செயலாளர். எப்போதும் அதே அரை அடி. அவருக்கும் பின்னால், பத்திரிகையின் படக்காரப் பெண், தோளில் பையும் கண்ணில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமுமாக.

வீடு பளிங்குபோல இருந்தது. தலைவர் அண்ணாந்து பார்த்தார். எல்லோரும் அண்ணாந்தார்கள். கட்டுரையாரும் அண்ணாந்தார், தெய்வாதீனமாக ஏதாவது முளைத்திருக்காதா என்று. வெள்ளைச் சுவர் வெள்ளைச் சுவராகவே இருந்தது.

வாய் தானாகத் திறந்தது. அவருக்கு அது பழக்கம்தான். இதுவரை காகிதத்தில் மட்டும் நடந்தது இப்போது நேரிலும் நடந்தது.

"சத்தம் வேண்டாங்க ஐயா," என்று கிசுகிசுத்தார். "கூச்ச சுபாவம். அதோ, அந்த மூலையில. வெளிச்சத்துல நேராப் பாத்தா தெரியாது. கொஞ்சம் மனசை ஒதுக்கிப் பாக்கணும்."

தலைவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஒரு மன்றத்துக்குத் தலைவராக இருப்பவர் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல முடியுமா?

"அடடா," என்றார். "அடடடா! என்ன நுணுக்கம்! பட்டு மாதிரி இல்ல?"

"பட்டேதாங்க ஐயா," என்றார் செயலாளர்.

"நடுவுல உக்காந்திருக்கே, அது ஆணா பெண்ணா?"

"பெண்ணுங்க ஐயா. முகத்துலயே தெரியுதே."

கட்டுரையாருக்கே ஒரு கணம் அது தெரிந்ததுபோல இருந்தது.

படக்காரப் பெண் கேமராவைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். "சார், எனக்குச் சுவர்தான் தெரியுது."

"கலைக்கண்ணால பாரும்மா."

"லென்ஸாலதான் சார் பாக்கறேன். ஃபோகஸே நிக்க மாட்டேங்குது."

"ஃபோகஸ் இதயத்துல நிக்கணும்மா," என்றார் தலைவர். செயலாளர் தன் இதயத்தைத் தொட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில் மனைவி தேநீர்த் தட்டோடு வந்தாள். சுத்தமான வீட்டைக் கண்டு வந்தவர்கள் மலைத்து நிற்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். முகத்தில் சின்னதாக ஒரு பெருமைகூட வந்திருந்தது.

"அம்மா, வாங்க, வாங்க!" தலைவர் கைகூப்பினார். "உங்க வீட்டு ஒட்டடையைப் பாக்கக் குடுத்து வெச்சிருக்கணும். எத்தனை வருஷத்து ஒட்டடை! தொடவே இல்லையே நீங்க! உங்க பெரிய டாக்டர் எனக்கு ரொம்ப வேண்டியவர். இன்னிக்கே ஃபோன் போட்டு, 'உங்க சிஸ்டர் வீட்டை நேர்லயே பாத்தேன், மூலையெல்லாம் ஒட்டடை'ன்னு பெருமையாச் சொல்லப் போறேன்."

கட்டுரையார் தரையைப் பார்த்தார். தரையில் அவர் முகமே தெரிந்தது. அவ்வளவு சுத்தம்.

அவள் தட்டை மேஜையில் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இழுப்பறையிலிருந்து, காயத்துக்குக் கட்டுப் போடுகிற வெள்ளை காஸ் துணி ஒன்றை எடுத்து உறையைப் பிரித்தாள். ஏறினாள். அந்த மூலையை மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், தையல் போடப்போகிற இடத்தைத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்தாள். துணியை விரித்து எல்லோருக்கும் காட்டினாள். உறையிலிருந்து எடுத்தபோது இருந்த வெள்ளை அப்படியே இருந்தது.

"எங்க ஒட்டடை?" என்றாள்.

தலைவர் நெஞ்சில் கை வைத்தார். "ஐயையோ! அழிச்சிட்டாங்களே!"

"கொன்னுட்டாங்க ஐயா!" என்றார் செயலாளர். "பெண்ணை!"

கேமரா இரண்டு தடவை சொடுக்கியது.

"வருஷக்கணக்கா அது பின்னின வலையம்மா! ஒரு துணியால... என் கண்ணு முன்னால... இதையும் டாக்டர்கிட்ட சொல்லத்தான் வேணும். ஒரு செவிலிக்கு இப்படி ஒரு கல்நெஞ்சா?"

கட்டுரையாருக்கு இப்போதுதான் கணக்கு விளங்கியது. வலை இருந்தால் அவள் அழுக்கு. வலை இல்லாவிட்டால் அவள் கொலைகாரி. இரண்டுக்கும் சாட்சி மன்றத் தலைவர். இரண்டையும் செய்தது அவளல்ல.

ஸ்டூலின் மேலிருந்து அவள் அவரைப் பார்த்தாள். கோபமாக அல்ல. தியேட்டரில் கத்தியை நீட்டிவிட்டு, மருத்துவரின் கை எப்போது வரும் என்று காத்திருக்கிறவள் பார்க்கிற பார்வை.

கட்டுரையாரின் தலைக்குள் வாக்கியங்கள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றும் குளித்து, தலை சீவி, நல்ல துணி உடுத்தியிருந்தது. எதற்கும் இப்போது வேலையில்லை. கடைசியில், யாரும் கூப்பிடாமல், வீட்டு உடுப்போடு ஒன்று வெளியே வந்தது.

"அங்க ஒண்ணும் இல்லீங்க."

"என்ன?"

"வலை இல்லீங்க. சிலந்தி இல்லீங்க. ஆணும் இல்ல, பெண்ணும் இல்ல. நான் எழுதினதெல்லாம் சும்மா. இவ இருக்கற வீட்ல சிலந்தி குடியேறினதா வரலாறே கிடையாது. நேத்து நானே ஒண்ணைக் கடையிலேருந்து கொண்டாந்து விட்டேன். காலையில டம்ளருக்குள்ள இருந்துச்சு."

அறையில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கூரையைப் பார்க்க மட்டும் எல்லோரும் பயந்தார்கள்.

"அப்ப அந்தப் பெண்ணு...?" என்று தொடங்கிய செயலாளரைத் தலைவர் திரும்பிப் பார்த்தார். செயலாளர் அரை அடியை ஒரு அடியாக்கிக்கொண்டார்.

தலைவர் நிதானமாக ஒரு கோப்பையை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். "எனக்கு உள்ள நுழைஞ்சதுமே தெரியும்," என்றார். "நீங்க எவ்வளவு தூரம் போறீங்கன்னு சோதிச்சேன்."

"நானும் ஐயாவோட சேந்துதாங்க சோதிச்சேன்."

"அப்பாடா," என்றாள் படக்காரப் பெண். "கேமரா போச்சோன்னு பயந்துட்டேன்."

பட்டம் பற்றி யாரும் பேசவில்லை. போகிறபோது வாசலில் தலைவர் கொஞ்சம் பின்தங்கினார். மற்ற இருவரும் படி இறங்கியதும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஏம்மா, எங்க வீட்டு மாடியில கொஞ்சம் இருக்கு. என் சம்சாரம் மேல ஏறவே மாட்டேங்கறா. எப்படிம்மா நீங்க ஒண்ணுகூட இல்லாம...?"

"கதவுக்கு அடியில ரப்பர் பட்டை அடிங்க. வாசல்ல வெள்ளை லைட் இருந்தா மாத்துங்க. மாடியில அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பீங்க, அதையெல்லாம் வெளியே தள்ளுங்க. குழாய் ஓட்டையை அடைச்சிடுங்க." அவள் மூச்சு விட்டாள். "டாக்டருக்கு ஃபோன் பண்றதாச் சொன்னீங்களே, பண்ணுங்க. இப்பவே. பாத்ததைச் சொல்லுங்க."

தலைவரால் மறுக்க முடியவில்லை. அங்கேயே நின்று எண்களை அழுத்தினார். "டாக்டர், சிஸ்டர் வீட்லதான் இருக்கேன். நானே நேர்ல பாத்துட்டேன். ஒரு நூல்கூட இல்ல. என் கண்ணுக்குத் தப்பிச்சு ஒண்ணும் இருக்க முடியாது, உங்களுக்கே தெரியும்."

மறுமுனையில் மருத்துவர் சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது. பிறகு அவர் சிஸ்டரிடமே பேசினார். "எனக்கு முதல்லயே தெரியும் சிஸ்டர். ஆனா ஃபோன்ல சொன்னதை நான் ஒருத்தன்தானே கேட்டேன்? அந்தக் கட்டுரையைக் கமிட்டி பேப்பர்ல படிச்சிருக்கு. பேப்பர்லயே வந்தா எனக்கும் பேச வசதி."

கட்டுரையார் கூப்பிட்டுக் கேட்டதும் பத்திரிகை ஆசிரியர், நாளைக் காலை இதழில் உள்பக்கம் ஒரு சின்னப் பெட்டி தருவதாக ஒப்புக்கொண்டார். ஸ்டூலின்மேல் துணியோடு நிற்கிற படம் நன்றாக வந்திருப்பதாகவும், அதற்குக் கீழே நாலு வரி போதும் என்றும், அரை மணிக்குள் வேண்டும் என்றும் சொன்னார். நாலு வரி கட்டுரையாருக்கு முன்னுரைக்கே போதாது. ஆனாலும் உட்கார்ந்தார்.

மனைவி பின்னால் வந்து நின்றாள். அவர் எழுதுவதை அவள் முதன்முதலாகப் படிக்கிறாள்.

"'உண்மை என்னும் பெருங்கடலின் கரையிலே'... எதுக்குங்க கடல்?"

"ஒரு தொடக்கம் வேண்டாமா?"

"கடல் வேண்டாம். அடிங்க."

அடித்தார். "'காலம் சில வேளைகளில் எழுத்தாளனின் பேனாவை'..."

"காலம் என்ன பண்ணிச்சு பாவம்? நீங்கதானே எழுதினீங்க? 'நான்'னு ஆரம்பிங்க."

'நான்' என்று எழுதினார். வெறும் 'நான்' பக்கத்தில் தனியாக, சட்டை போடாமல் நிற்பதுபோல இருந்தது. "அடுத்தது?"

"'எங்க வீட்ல சிலந்தி இருக்குன்னு சொன்னது பொய்.' அவ்வளவுதான்."

"பொய்ங்கறது கொஞ்சம் பச்சையா இருக்கும்மா. எனக்குன்னு நாலு வாசகர்கள் இருக்காங்க. வேற நல்ல சொல்லா ஏதாவது..."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். இருபத்தைந்து வருஷத்துத் தாம்பத்தியத்தில் அவர் ஒரு சொல்லுக்காக அவளிடம் கை நீட்டுவது இதுதான் முதல் தடவை.

"புளுகு," என்றாள்.

கட்டுரையார் பேனாவை உதறினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். உதவிக்கு அங்கே யாரும் இல்லை. குனிந்து, 'பொய்' என்றே எழுதினார்.